சிம் போட்டாச்சு, நெட் ஏன் வரவில்லை?

வாசகர் கேள்வி பதில்: கையடக்க லினக்ஸ் கணினியும் மொபைல் இணையமும்

கேள்வி: அண்ணா, நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் மாமா விசைப்பலகை உறையோடு ஒரு பைன்போன் (லினக்ஸ் ஓடும் ஃபோன்) கொண்டுவந்து தந்தார். மோபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன், வைஃபையில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. சிம் போட்டால் மட்டும் நெட் வருவதில்லை. அதே சிம் அம்மாவின் ஃபோனில் உடனே வேலை செய்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, தம்பி. அம்மாவின் ஃபோனில் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிம்மும் சரி, ரீலோடும் சரி, டவரும் சரி. அண்ட்ராய்ட் ஃபோன் சிம்மைப் பார்த்ததும் அது எந்த நாட்டுச் சிம், எந்த நிறுவனத்துச் சிம் என்று ஓர் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும் (இலங்கைக்கு 413, அதன் பின்னால் 02 வந்தால் டயலொக், 01 வந்தால் மொபிடெல்), பிறகு அதற்குரிய ஏபிஎன்னை, அதாவது டேட்டா எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பெயரை, தானே போட்டுக்கொள்ளும். லினக்ஸிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, ஆனால் அதைத் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள், நம்முடைய சிம்முக்கான வரி எப்போதும் புதிதாக இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. ஆகவே கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்காதீர்கள், அப்படி மாற்றினால் வேலை செய்தாலும் எதனால் செய்தது என்று தெரியாது.

முதலில் பின் மூடியைக் கழற்றுங்கள். பைன்போனின் உள்ளே நகத்தால் தள்ளக்கூடிய ஆறு சின்னச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், அதில் முதலாவது மொடெமுக்கானது, அதாவது டவரோடு பேசும் பாகத்துக்கானது. அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் பயனில்லை. அப்புறம் சிம் வைத்திருக்கும் விதம். இந்தக் கருவிக்கு வேண்டியது மைக்ரோ சிம். அம்மாவின் ஃபோனிலிருந்து எடுத்தது நானோ சிம் என்றால் அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று போட்டுத்தான் வைக்க வேண்டும். சிம் கீழே, மெமரி கார்ட் மேலே. ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள்: சிம் இல்லாத வெறும் சட்டத்தை ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள், தள்ளிவிட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தொடுமுனைகள் அதில் மாட்டி வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது லேசான வேலையல்ல.

சரி, இப்போது கருவியை இயக்கி அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுங்கள். உள்ளே இருக்கும் குவெக்டெல் ஈஜி25-ஜி என்ற மொடெம் தனியாக எழும்பும் ஒரு குட்டிக் கணினி, அதுவும் லினக்ஸில்தான் ஓடுகிறது, திரை வந்த அதே நொடியில் அதுவும் தயாராக இருக்காது. பிறகு கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எம்எம்சிஎல்ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய எழுத்து எல்லும் சேர்த்து அடியுங்கள். மொடெமின் பெயர் வந்தால் வன்பொருள் பிழைத்தது. ஒன்றுமே வராவிட்டால் சுவிட்சையும் சிம்மையும் திரும்பப் பாருங்கள். கருவி தூங்கி எழுந்த பிறகு மட்டும் காணாமல் போகிறது என்றால் அது பைன்போனில் தெரிந்த பிரச்சினைதான், ஈஜி25 மேனேஜர் என்ற சேவையை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் திரும்பி வரும். அப்படித் திரும்பி வரும்போது மொடெமின் எண் 0 என்பதிலிருந்து 1, 2 என்று மாறிக்கொண்டே போகும். கட்டளையில் பழைய எண்ணையே கொடுத்துவிட்டு மொடெம் இல்லை என்று சொல்கிறதே என்று குழம்பாதீர்கள்.

அடுத்தது மொடெமின் நிலை. அதே கட்டளையில் எல்லுக்குப் பதிலாகச் சின்ன எம்மும் மொடெமின் எண்ணும் கொடுத்தால் ஒரு நீண்ட அட்டவணை வரும், அதில் ஸ்டேட் என்ற ஒரு வரியைத் தேடுங்கள். உங்கள் பிரச்சினை எங்கே என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். லொக்ட் என்று இருந்தால் சிம்மைப் பூட்டும் இரகசிய எண் (பின் நம்பர்) போட்டிருக்கிறது, அதைக் கொடுங்கள், மூன்று முறை பிழையாகக் கொடுத்தால் பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். சேர்ச்சிங் என்றே நின்றால் டவரோடு பதிவாகவில்லை. ரெஜிஸ்டர்ட் என்று இருந்தும் நெட் வரவில்லை என்றால், உங்கள் விஷயத்தில் இதுதான் என்று நினைக்கிறேன், டவர் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது, டேட்டா வழியைத்தான் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதற்குத்தான் ஏபிஎன்.

ஏபிஎன்னைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சிம்மை மறுபடி அம்மாவின் ஃபோனில் போட்டு, செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்குள் போய் அக்சஸ் பொயின்ட் நேம்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே தெரிவு செய்யப்பட்டிருப்பதை எழுத்துக்கு எழுத்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டயலொக் என்றால் பெரும்பாலும் டயலொக் என்ற ஆங்கிலச் சொல்லோடு பி, பி என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி இருக்கும், நடுவில் இடைவெளி கிடையாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அங்கே காலியாக இருந்தால் இங்கேயும் காலியாகவே விடுங்கள். மோபியனில் செட்டிங்ஸுக்குள் மொபைல் நெட்வொர்க் பக்கத்திலேயே ஏபிஎன் போடும் இடம் இருக்கிறது, அதில் புதிதாக ஒன்று சேர்த்து அதைத் தெரிவு செய்யுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 4ஜியில் டவரோடு பதிவாகும்போதே ஒரு டேட்டா வழியும் சேர்ந்து திறக்கிறது. மொடெமுக்குள் யாரோ முன்பு போட்ட பிழையான ஏபிஎன் தங்கியிருந்தால் பதிவே மறுக்கப்படலாம், அப்போது சிக்னல் இருந்தும் சேர்ச்சிங் என்றே நிற்கும். மொடெமை இயக்கும் மொடெம் மேனேஜர் என்ற மென்பொருளில் இந்த முதல் வழிக்கென்று இனிஷியல் ஈபிஎஸ் பேரர் என்ற தனி அமைப்பு இருக்கிறது, அதிலும் அதே ஏபிஎன்னைக் கொடுத்துவிட்டால் சரியாகும். ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) மட்டுமே அனுமதி என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால் அந்த இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முறையை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, கனெக்டட் என்று வந்த பிறகும் பக்கம் திறக்கவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். லினக்ஸில் வைஃபையும் மொபைலும் ஒன்றாக இருந்தால் வைஃபைக்குத்தான் முன்னுரிமை, அந்த வைஃபைக்குள் இணையம் இல்லாவிட்டாலும் எல்லாம் அந்தப் பக்கமே போய் முட்டி நிற்கலாம். அதுவும் இல்லை என்றால் டெர்மினலில் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) அனுப்பிப் பாருங்கள், பதில் வந்து இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் மிஞ்சியிருப்பது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையின் கோளாறு மட்டும்தான்.

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்பதால் ஒரு வார்த்தை. கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்ஈஐ எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதே நீண்ட அட்டவணையில் 15 இலக்கங்களாக இருக்கும். ஐஎம்ஈஐ என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண், இப்படி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். வெளிநாட்டிலிருந்து சிம் போடும் கருவி எதையும் வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் ஐஎம்ஈஐ கேட்டு இதைச் செய்வது நல்லது.

கேள்வி: பொகவந்தலாவையில் எங்கள் லயத்தில் இரண்டு கோடு சிக்னல் காட்டும், ஆனால் எதுவும் இறங்காது. மூடுபனி வந்தால் இன்னும் மோசம். லினக்ஸில் இதற்கு ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

பதில்: மூடுபனிமேல் பழி போட வேண்டாம். நம்முடைய 4ஜி 900, 1800 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஓடுகிறது, அந்த அலைகளுக்குப் பனியும் மழையும் ஒரு பொருட்டே இல்லை. மழை நாளில் வேகம் குறைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. டவருக்கும் டவருக்கும் நடுவில் மைக்ரோவேவ் இணைப்பு இருந்தால் அது மிக உயர்ந்த அலைவரிசை, பெருமழை அதைப் பாதிக்கும். கரன்ட் போய் நீண்ட நேரமானால் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். எல்லாரும் வீட்டுக்குள் இருந்து ஒரே நேரத்தில் ஃபோனைப் பார்ப்பதும் ஒரு காரணம்தான்.

உண்மையான எதிரி மலை. 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது, அது உயரத்திலிருந்து நாலா பக்கமும் அனுப்புவதற்காக வைத்தது. மொபைல் டவர் அப்படியில்லை, சின்ன வட்டத்துக்காகக் கட்டியது, நடுவில் ஒரு மேடு வந்தால் அந்தப் பக்கத்து டிவிசன் நிழலில் விழுந்துவிடும். 900 போன்ற தாழ்ந்த அலை மேட்டைக் கொஞ்சம் வளைந்து கடக்கும், 1800 அவ்வளவு கடக்காது. லயத்தின் தகரக் கூரையும் மேலே இருந்து வருவதை மறைக்கிறது.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். மொடெம் மேனேஜரில் சிக்னல் அளவீட்டை இயக்கிவிட்டால் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னலின் வலுவைக் காட்டும் ஒரு மைனஸ் எண் வரும். மைனஸ் 90 பக்கம் என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் தடுமாறும், மைனஸ் 120ஐத் தாண்டினால் நடைமுறையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாக, பிறகு வாசலுக்கும் தண்ணிப் பீலிப் பக்கத்துக்கும் நடந்து இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அடி தள்ளி வைத்தாலே 10 எண்கள் மாறுகிற இடங்கள் உண்டு. பேண்டை (ஒரே அலைவரிசையை மட்டும் பிடிக்கும்படி) பூட்டி வைக்கும் அமைப்பும் லினக்ஸில் இருக்கிறது, ஆனால் எந்த அலை எந்த இடத்தில் வருகிறது என்று அளந்து பார்க்காமல் பூட்டாதீர்கள், அடுத்த ஊருக்குப் போனதும் சிக்னலே இல்லாமல் நிற்பீர்கள்.

கேள்வி: என் கையடக்கக் கணினி ராஸ்பெரி பை வைத்துச் செய்தது, சிம் போட இடமில்லை. ஹுவாவே டொங்கல் ஒன்று இருக்கிறது. பயன்படுமா? (பண்டாரவளை)

பதில்: தாராளமாகப் பயன்படும். ஈ3372 போன்ற ஹைலிங்க் வகை டொங்கலைச் செருகினால் லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே பார்க்கும், மொடெம் மேனேஜர் தேவையில்லை. பிரவுசரில் 192.168.8.1 என்று போட்டால் டொங்கலின் பக்கம் திறக்கும், ஏபிஎன்னை அங்கே போடுங்கள். குட்டையான யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி டொங்கலை மட்டும் ஜன்னலில் தொங்கவிடலாம், மலைநாட்டில் இது உள்ளே மொடெம் இருக்கும் கருவிகளுக்குக் கிடைக்காத வசதி. டொங்கல் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும், இடையிடையே அறுந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பழைய நோக்கியா என்900 ஒன்று கிடைத்தது. டேட்டா இணைகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. (ராகலை)

பதில்: இணைப்பில் குறையில்லை. அது 2009இல் வந்த கருவி, மேமோ 5 லினக்ஸ், 4ஜி கிடையாது. அதில் இருக்கும் பழைய பிரவுசருக்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை தெரியாது, அதனால் பாதுகாப்பு இணைப்பிலேயே விழுந்துவிடுகிறது. மேமோ லெஸ்டே என்ற புதிய இயங்குதளத்தை மெமரி கார்டில் போட்டு முயலுங்கள், உள்ளே இருக்கும் பழைய மேமோவை அழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: மாதம் முழுக்க வருகிற பெக்கேஜ் லினக்ஸில் போட்டால் இரண்டு நாளில் முடிகிறது. ஏன்? (நோர்வூட்)

பதில்: பெக்கேஜை உடைத்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு இரவு டேட்டா, ஒரு பங்கு யூடியூப், வட்ஸ்அப் போன்றவற்றுக்கு மட்டும் என்று இருந்தால், லினக்ஸின் அப்டேட்டுகள் அந்தக் கணக்கில் சேராது, எந்த நேரமும் பாவிக்கக்கூடிய பங்கிலிருந்தே போகும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பை மீற்றர்ட் (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிடுங்கள், மென்பொருள் கடை தானாக இறக்குவதை நிறுத்தும். அப்டேட்டுகளை இரவு டேட்டா தொடங்கும் நேரத்துக்குப் பிறகு நீங்களே கையால் ஓடவிடுங்கள்.