பால் சுறாவும் பச்சைப் பிள்ளையும்: நர்ஸ் அக்காவின் பதில்கள்

தண்டையார்பேட்டைப் பக்கம் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

காசிமேடு: பிள்ளை பிறந்து 12 நாள். பால் போதவில்லை என்று மாமியார் தினமும் பால் சுறாப் புட்டு செய்து தருகிறார். சாப்பிடலாமா அக்கா?

நானும் காசிமேட்டில் பிறந்தவள்தான். சுறாப் புட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் கண்ணு. சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். கடலில் கலந்த பாதரசமெல்லாம் அதன் சதையில் சேர்ந்துவிடும். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் அது ஆகாது. நெத்திலி, மத்தி தாராளமாகச் சாப்பிடுங்கள், விலையும் குறைவு. பால் ஊறுவது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான். இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை கொடுங்கள். பிள்ளை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகப் பால் பவுடர் டப்பா வாங்காதீர்கள். மாமியாரிடம் சண்டையும் வேண்டாம். அந்தப் பூண்டையும் மிளகையும் நெத்திலியில் போடச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை: வளைகாப்பு முடிந்து பொன்னேரியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இங்கே கர்ப்பத்தைப் பதிந்தது வீணாகிவிடுமா?

ஆகாது. கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண் தமிழ்நாடு முழுவதும் செல்லும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அட்டையை பீரோவில் பூட்டிவிட்டு வலியோடு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்! கைப்பையில் வையுங்கள். கிளம்பும் முன் உங்கள் பகுதிச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் உங்களைத் தேடித் தெருத்தெருவாக அலைவதாவது மிச்சமாகும்.

வியாசர்பாடி: ஒரு மாதக் குழந்தைக்கு இடது தோளில் ஊசி போட்ட இடம் சின்னதாக வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது. மஞ்சள் பற்றுப் போடலாமா?

எதையும் போடாதீர்கள், பிதுக்கவும் வேண்டாம். காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி அப்படித்தான் பழுத்து, ஆறி, தழும்பாகும். உங்கள் தோளைப் பாருங்கள், அதே தழும்பு இருக்கும். அக்குளில் கட்டி வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

திருவொற்றியூர்: மனைவிக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாயும் பணமாகவே வருமா?

வராது தம்பி. 14,000 ரூபாய் தவணையாக வங்கிக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருவார்கள். கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு மனைவி பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல.

ராயபுரம்: அரசு மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு வீடு திரும்ப ஆட்டோ 400 ரூபாய் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். வார்டு செவிலியரிடம் 102 வண்டி கேளுங்கள். இலவசம்.

எருக்கஞ்சேரி: எனக்கு 48 வயது. பேரனுக்கு ஊசி போட சுகாதார நிலையத்துக்குப் போவதோடு சரி. அங்கே என் வயதுக்காரிக்கு என்ன இருக்கிறது?

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இருக்கிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். சில நிமிட வேலை. மார்பகப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரையும் பார்ப்பார்கள். அடுத்த புதன்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, உங்களுக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.