பாக்டீரியாவுக்கு உருண்டை, குச்சி, சுருள் வடிவங்கள் எப்படி வருகின்றன?

ஒரே ஒரு செல்லுக்கு ஏன் இத்தனை வடிவம், அதற்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது செல் சுவர். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது வீட்டுத் தயிர்தான். தயிரில் தெளிந்து நிற்கும் நீரை ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்து, காயவைத்து, தீயில் லேசாகக் காட்ட வேண்டும். பிறகு கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியாக சாஃப்ரனின் என்ற இளஞ்சிவப்புச் சாயம். எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் உருண்டைகள் சங்கிலி சங்கிலியாகக் கிடக்கும். நடுநடுவே குச்சிகளும் தெரியும்.

சங்கிலி ஏன் என்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற உருண்டை பாக்டீரியா வகைகள் ஒரே திசையில் பிரிந்துகொண்டே போகும், ஆனால் முழுதாக விலகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு உருண்டை வகை பல திசைகளில் பிரிவதால் கொத்துக் கொத்தாக நிற்கும். காலராக் கிருமி வளைந்த குச்சி. எலிக்காய்ச்சல் கிருமி மெல்லிய சுருள்.

இந்தச் சாயமுறையை 1884-இல் வெளியிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். செல் சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற வலைப்பின்னல் தடிமனாக இருந்தால் ஆல்கஹால் ஊற்றினாலும் ஊதா நிறம் போகாது. அவை கிராம் பாசிட்டிவ். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் அந்த வலை மெல்லியது, அதற்கு மேல் இன்னொரு சவ்வும் உண்டு. ஊதா கழுவிக்கொண்டு போய், சாஃப்ரனினின் இளஞ்சிவப்பு ஏறிவிடும். ஒரு நிறத்தை வைத்தே சுவரின் அமைப்பைச் சொல்லிவிடலாம் என்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

சரி, உள்ளே? நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதற்குள் இருக்கும் டிஎன்ஏ வளையத்தை வெட்டி நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும், அதாவது செல்லைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீளம். மீதி இடமெல்லாம் புரதங்களும், அவற்றைத் தயாரிக்கும் ரைபோசோம்களும். பலவற்றில் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்களும் உண்டு. மருந்துக்கு அடங்காத தன்மை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் இவை வழியாகத்தான் போகிறது.

செல்லுக்குள் எல்லாம் அடர்த்தியாக இருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் புகப் பார்த்துக்கொண்டே இருக்கும். சைக்கிள் டியூபுக்கு டயர் எப்படியோ, உள்ளே செல்லை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குச் சுவர் அப்படி. குச்சி வடிவ பாக்டீரியாவை லைசோசைம் என்ற நொதியில் போட்டுச் சுவரைக் கரைத்தால், செல்லைப் போலவே அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் அது உருண்டையாகிவிடும். வெறும் தண்ணீரில் வெடித்துவிடும். பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அந்தச் சுவரை எந்த வடிவத்தில் கட்டுவது என்பதை உள்ளிருக்கும் புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. பல குச்சி வடிவ பாக்டீரியாக்களில் இந்த வேலை எம்ஆர்இபி என்ற புரதத்துடையது. அதை முடக்கினால் குச்சி உருண்டையாக மாறத் தொடங்கும். வடிவத்தால் பலனும் உண்டு. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரிக்கு அதன் முறுக்கிய உடல், இரைப்பையின் கெட்டியான கோழைக்குள் துளைத்துப் போக உதவுகிறது.

நம் கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருப்பது அதே லைசோசைம். அதை 1922-இல் விவரித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான் 1928-இல் பென்சிலினையும் கண்டுபிடித்தார். இரண்டும் தாக்குவது சுவரைத்தான். லைசோசைம் இருக்கும் வலையை அறுக்கும், பென்சிலின் புது வலை பின்னவிடாது. மனிதச் செல்லுக்கு இந்தச் சுவரே இல்லாததால் நமக்கு அந்த அடி விழுவதில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கும் சுவர் இல்லை. அதனால்தான் அதற்கு நிலையான வடிவமும் இல்லை, அது உண்டாக்கும் நிமோனியாவுக்கு பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் பலிப்பதும் இல்லை. அங்கே டாக்டர்கள் அசித்ரோமைசின் போல ரைபோசோமைத் தாக்கும் மருந்தை எழுதுவார்கள்.