மூன்று நாள் தீவுப் பயணமா? திரும்பும் படகை முதலில் முடிவு செய்யுங்கள்

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை கரை திரும்பும்படி, எழுபது வயதைக் கடந்த தாயாரையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு தீவில் ஓய்வாகத் தங்கிவர விரும்புவதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தாயாருக்கு அலையாட்டம் ஒத்துக்கொள்ளாது. அதிவேகப் படகில் செல்வதா, மெதுவாகச் செல்லும் பெரிய படகில் செல்வதா என்றும், பக்கத்துத் தீவையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா என்றும், ஞாயிறு இரவே ஊர் திரும்ப விமானச்சீட்டு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் மற்றவை அனைத்தும் அதைச் சார்ந்தவை. ஞாயிறு இரவு விமானம் வேண்டாம். போகும் படகு ரத்தானால் வீட்டிலோ துறைமுக நகரத்திலோ இருந்துகொண்டு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். திரும்பும் படகு ரத்தானால் தீவிலிருந்து வெளியேற வேறு வழியே இல்லாமல் போகலாம். அந்த அச்சம் மனத்தில் இருக்கும்வரை, ஞாயிறு காலை கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலும் கண் கடிகாரத்தின் மீதுதான் இருக்கும். ஆகவே திரும்பும் படகைத் தேர்ந்தெடுத்த பிறகே மற்றவற்றுக்கு வாருங்கள். அன்றைய கடைசிப் படகை விடுத்து, அதற்குப் பின்னும் ஒரு படகாவது இருக்கும் நேரத்தில் புறப்படுவதைத் தேர்ந்தெடுங்கள். விமானத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றுங்கள். திங்கட்கிழமை விடுப்புக் கிடைக்காது என்றால், தீவில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு, சனிக்கிழமை மாலைக்குள் கரைக்கு வந்து, இரண்டாம் இரவைத் துறைமுக நகரத்தில் கழியுங்கள். தீவில் ஓர் இரவு குறைவது இழப்பாகத் தோன்றலாம்; ஆனாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். கால அட்டவணையைப் பார்க்கும்போது, வார நாட்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறதா, நீங்கள் செல்லும் தேதிக்கு அது பொருந்துமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் கடலின் நிலையை முடிவு செய்யக் கூடாது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேகமே இல்லாத நாட்களிலும் மெல்தெமி எனப்படும் வடகாற்று பலமாக வீசிப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதுண்டு. முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் காற்றுக்கு வகுத்த அளவுகோல்தான் இன்றும் பெருமளவில் பயன்படுகிறது. அதில் 4 என்பது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வரையிலான காற்று. அப்போது அலைகளின் உச்சியில் அடிக்கடி வெண்ணுரை தெரியும். அலை ஒத்துக்கொள்ளாத ஒருவரை அழைத்துச் செல்லும்போது இதையே நான் எல்லையாகக் கொள்வேன். அலையின் உயரம் என்று முன்னறிவிப்பு தருவது பொதுவாக மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரமான அலையும் வரக்கூடும். பகலில் நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுப்பதால், கரையோரக் கடல் பெரும்பாலும் காலையில்தான் அமைதியாக இருக்கும். இரு வழியிலும் முற்பகல் படகையே எடுங்கள்.

அதிவேகப் படகா, பெரிய படகா என்ற கேள்விக்குத் தூரத்தைக் கேட்காமல் விடை கூற இயலாது. கடக்கும் நேரம் ஒரு மணிக்குள் அடங்கி, கடலும் அமைதியாக இருந்தால் அதிவேகப் படகே நல்லது. தாயார் அலையில் இருக்கும் நேரம் குறையும். அதற்கு மேற்பட்ட தூரமென்றால் பெரிய படகே என் தேர்வு. பெரிய படகில் திறந்த மேல்தளமும் எழுந்து நடமாட இடமும் இருக்கும். அதிவேகப் படகுகளில் பெரும்பாலும் மூடிய அறைக்குள் இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சர்வதேச கடல்சார் அமைப்பின் அதிவேகக் கலங்களுக்கான விதிகளின்படி, அவ்வகைக் கலம் எத்தகைய அலைநிலை வரை இயங்கலாம் என்பது அதன் இயக்க அனுமதியிலேயே வரையறுக்கப்படுகிறது. எனவே காற்று எழும் நாளில் முதலில் ரத்தாவது பெரும்பாலும் அதிவேகப் படகாகவே இருக்கும்.

கண் ஒன்றைச் சொல்ல, சமநிலையை உணரும் காதின் உட்பகுதி வேறொன்றைச் சொல்வதால் ஏற்படும் குழப்பமே கடல் குமட்டல். ஏறத்தாழ ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை மேலெழுந்து தாழும் மெதுவான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் தூண்டுகிறது. ஆட்டம் குறைவாக இருப்பது படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். ஆனால் அங்கே சன்னல் இல்லையென்றால் தொடுவானம் தெரியாது. அப்போது மேல்தளத்தின் நடுவில் காற்றோட்டமான இடத்தில் தாயாரை அமரவைத்து, தொலைவைப் பார்க்கச் சொல்வது மேல். படிப்பதும் கைப்பேசியைப் பார்ப்பதும் கூடாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம், நிறைய உண்டும் வேண்டாம்.

மருந்து எடுப்பதானால் படகு ஆடத் தொடங்கிய பின் விழுங்கிப் பெரிய பயனில்லை. டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பும், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பும் பயன்படுத்த வேண்டும். மாத்திரை தூக்கக் கலக்கம் தரும். முதியவர்களுக்குத் தடுமாற்றமும் வரலாம். கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் ஆபத்தாகலாம் என்பதால், தாயாரின் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மகளையும் மறக்க வேண்டாம்: இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளே பயணக் குமட்டலுக்கு அதிகம் ஆளாகிறார்கள். அவளுக்கான மருந்தையும் அளவையும் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தீவு வேண்டாம். அரை மணி நேரக் கடல்தூரம் என்றாலும், அறையைக் காலி செய்து, துறையில் காத்திருந்து, ஏறி இறங்கி, மீண்டும் அறை தேடிச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். ரத்தாகக்கூடிய படகுகளும் கூடும்.

ஏறி இறங்கும் இடத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பல துறைகளில் நிலையான பாலத்திலிருந்து மிதக்கும் மேடைக்கு ஒரு சரிவுப்பாதை இறங்கும். கடல்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஏறக்குறைய சமமாக இருக்கும் அதே பாதை, தாழ்ந்த நேரத்தில் செங்குத்தாகி, முழங்கால் வலியுள்ளவர்களைத் திணற வைத்துவிடும். பல கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை கடல் உயர்கிறது. மறுநாள் அதே நிலை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையிலான வித்தியாசம் கூடும். அந்த ஊரின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் படகு நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கியவுடன் நெடுந்தூரம் செல்லாதபடி துறைக்கு அருகிலேயே அறை எடுங்கள். பெட்டி ஒரு கையில் தூக்கும் அளவில் இருக்கட்டும், மற்றொரு கை தாயாருக்கு வேண்டும்.

பணம் செலுத்துமுன், வானிலையால் படகு ரத்தானால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அறையை ஓரிரவு நீட்டிக்க முடியுமா, வர இயலாவிட்டால் முன்பணம் என்னாகும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறை, படகு ரத்தானால் மாற்றுப் பயணத்தையோ கட்டணத்தையோ கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் காரணம் ஆபத்தான வானிலை என்றால் தங்கும் செலவை நிறுவனம் ஏற்கத் தேவையில்லை. ஆகவே ஓர் இரவுக்கான கூடுதல் பணத்தையும், தாயாரின் அன்றாட மருந்துகளை இரண்டு நாட்களுக்குக் கூடுதலாகவும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.