கவிதையில் உவமை, உள்ளுறை எல்லாம் பிடிபட என்ன செய்வது?

பள்ளியில் அணி இலக்கணம் படித்தும், கவிதையைக் கையில் எடுத்தால் உள்ளே இருப்பது பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அணியின் பெயரைத் தேடுவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று பிரிக்கத் தெரிந்தால் தேர்வுக்குப் போதும். நான் வாசிக்கும்போது முதலில் பார்ப்பது, யார் பேசுகிறார், யார் காதில் விழப் பேசுகிறார் என்பதைத்தான்.

ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப் போகும் பெண், தலைவியின் தோழிமார் காதில் விழும்படி பேசுகிறாள். "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்று தொடங்குகிறாள். வயலோர மாமரத்தில் பழுத்து விழும் பழத்தைப் பொய்கையில் இருக்கும் வாளை மீன் கவ்வும் ஊர்க்காரன் அந்தத் தலைவன். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஊர் வர்ணனை.

இப்போது அந்தக் காட்சியில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மீன் மரம் ஏறவில்லை, கிளையை உலுக்கவும் இல்லை. பழம் தானாக விழுந்தது, மீன் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். "உன் புருஷனை நான் வளைத்துப் போடவில்லை, அவனாக வந்தான்" என்பதை அவள் சொல்லாமலே சொல்லிவிட்டாள். 'போல' என்ற சொல்லே இல்லாமல் காட்சிக்குள் ஒளிந்திருக்கும் இதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது.

அடுத்து வருவது நேரடி உவமை. என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிற 'ஆடிப் பாவை போல', மகனைப் பெற்றவள், அதாவது தலைவி, விரும்பியதை எல்லாம் செய்கிறான் என்கிறாள். பிம்பத்துக்குச் சொந்தமாக ஓர் அசைவும் கிடையாது. தன் மேல் விழுந்த பழியை மறைத்துச் சொல்லி மறுத்தவள், அவனை மட்டும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வெளிப்படையாகவே ஏளனம் செய்கிறாள். ஆறே அடியில் இவ்வளவும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

குறுந்தொகையிலேயே இன்னும் சில மருதத் திணைப் பாடல்களை (வயல் சார்ந்த ஊரும் ஊடலும் வரும் பாடல்களை) இப்படிப் படித்துப் பாருங்கள். பாடலோடு இருக்கும் கூற்றை, அதாவது யார் யாரிடம் பேசுகிறார் என்ற குறிப்பை, படித்துவிட்டு, காட்சியில் இருக்கும் பழம், மீன், பூ என்ன செய்கிறது என்று நீங்களே யோசியுங்கள். உ.வே.சா. உரையை அப்புறம் திறந்தால் போதும்.