கேள்வி நேரம்: அவார்டு லிஸ்ட்ல பொண்ணுங்க எங்கே?

கேள்வி: பொண்ணுங்களுக்கு இலக்கியத்துல இன்னுமா பாகுபாடு இருக்கு? – ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்குங்க. சாகித்ய அகாதெமி 1955ல இருந்து விருது குடுக்குது, தமிழ்ல அதை வாங்குன பெண்கள்னு பார்த்தா 1973ல ராஜம் கிருஷ்ணன், 1984ல லக்ஷ்மி, 2005ல திலகவதி, அப்புறம் அம்பை, அவங்களுக்கே 2021லதான் கிடைச்சுது, 1960கள்லயே எழுத வந்தவங்க அவங்க, நினைச்சா மனசு ஆறல.

துவரங்குறிச்சி சல்மாவைப் பாருங்க, வீட்டுக்குத் தெரியாம ராத்திரில டாய்லெட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டே கவிதை எழுதினாங்க, மாட்டிக்கக் கூடாதுன்னு சொந்தப் பேரையே மறைச்சாங்க, அவங்கம்மாதான் அந்தத் தாளையெல்லாம் ரகசியமா வெளியே கொண்டுபோய் சேர்த்தாங்க. ஆம்பளை எழுதுனா 'கற்பனை'ங்கறோம், பொண்ணு எழுதுனா மட்டும் 'இது உன் சொந்தக் கதையா'ன்னு கேக்கறோம், எனக்கு ரொம்ப வலிக்கறது இந்தக் கேள்விதான்.