கொலுவுக்கு யாரைக் கூப்பிடுவது?

வணக்கம் சார்,

நாங்கள் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கிறோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். பட்டிமன்றம், குழந்தைகள் நடனம், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. போன தடவை என் பதினோரு வயதுப் பெண் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “அது உங்க விஷயம்மா” என்கிறாள். இந்த நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைத்து, அவளுடைய பள்ளித் தோழிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட ஆசை. “அவங்களுக்கு என்ன புரியும்? வேடிக்கை பார்த்துட்டுப் போவாங்க” என்கிறார் கணவர். நம் பண்பாட்டை நமக்குள் காப்பாற்றினால் போதாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

கூப்பிடுங்கள். போதாது என்பதுதான் என் பதில்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே லெஸ்டர் இருக்கிறது. 1972 ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடான உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னார். பலர் லெஸ்டருக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. வீடு இல்லை, பள்ளியில் இடம் இல்லை, இங்கே வராதீர்கள் என்று. அப்படியும் வந்தார்கள். பெரும்பாலும் குஜராத்திகள். பெல்கிரேவ் ரோட்டில் புடவைக்கடையும் நகைக்கடையும் இனிப்புக்கடையுமாகத் திறந்தார்கள். 1983 முதல் அந்தத் தெருவிலேயே தீபாவளிக்கு விளக்குத் தோரணம் கட்டுகிறார்கள். வராதீர்கள் என்று விளம்பரம் கொடுத்த அதே நகராட்சிதான் பல வருடங்களாக அந்த விழாவை முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. ஒரு மண்டபத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடியிருந்தால் இது நடந்திருக்குமா? தெருவுக்கு வந்ததால்தான் அது ஊர்த் திருவிழா ஆனது.

இன்னும் பழைய உதாரணம் கரீபியன் தீவான டிரினிடாட். 1845 மே 30 அன்று ‘ஃபாடெல் ரசாக்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து முதல் கரும்புத் தோட்டக் கூலிகள் அங்கே போய் இறங்கினார்கள். அதன் பிறகு போனவர்களிலும் பெரும்பாலோர் வட இந்தியாவின் போஜ்புரி மொழி பேசியவர்கள். அந்த மொழி இன்று பேரப்பிள்ளைகளின் வாயில் அநேகமாக இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. ஆனால் 1966 முதல் தீபாவளி அங்கே அரசு விடுமுறை. மூங்கிலைப் பிளந்து வளைத்து, அதில் வரிசையாக அகல்களை வைத்து ஏற்றுவார்கள். இந்து அல்லாத அக்கம்பக்கத்தாரும் கூடவே நின்று திரி போடுகிறார்கள். அப்புறம் ‘டபிள்ஸ்’. எண்ணெயில் பொரித்த இரண்டு மெத்தென்ற ‘பாரா’ ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் கறி. 1930களில் பிரின்சஸ் டவுன் பக்கம் ஓர் இந்தியக் குடும்பம் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரும் காலையில் தெருவோரத்தில் நின்று சாப்பிடுகிற பலகாரம் அது. அந்தத் தீவில் எவையெல்லாம் எல்லோருக்கும் உரியதாக ஆயினவோ, அவை உறுதியாக நின்றுவிட்டன.

உங்கள் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவள் சொன்னதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஹாலில் அவளுக்கு என்ன வேலை? சொல்லிக்கொடுத்த பாட்டுக்கு ஆடுவது, பெரியவர்கள் பேசி முடிக்கிறவரை உட்கார்ந்திருப்பது. அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கொலுவுக்கு அவள் தோழி வந்தால் கேட்பாள்: ஏன் படி ஒற்றைப்படையில் இருக்கிறது? இந்த மரப்பாச்சி ஜோடிக்கு யார் துணி தைத்தது? தொந்தியும் தொப்பையுமாகச் செட்டியார் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சாமியா? பதில் தெரியாவிட்டால் உங்கள் பெண் சமையலறைக்கு ஓடி வந்து உங்களைக் கேட்பாள். உங்களுக்கும் தெரியாவிட்டால் ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போன் போடுவாள். நமக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விகள் அவளுக்கு வரவே வராது. பகிர்ந்தால்தான் வீட்டுப் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

உங்கள் கணவரின் பயமும் நியாயமானதுதான். சும்மா நிற்க வைத்தால் வேடிக்கைதான் பார்ப்பார்கள். வேலை கொடுங்கள். படிகளுக்குக் கீழே தரையில் பூங்கா, கடைவீதி, கிரிக்கெட் மைதானம் என்று அமைப்பது நம் வழக்கம்தானே. அந்த இடத்தைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு பொம்மை கொண்டுவரட்டும், லெகோ வீடாக இருந்தாலும் சரி. கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பாடத் தெரிந்தவர்கள் அவரவர் பாட்டைப் பாடட்டும். ஆனால் வருகிறவர்களுக்குப் பிடிக்குமே என்று சுண்டலை விட்டுவிட்டு சமோசா வாங்கி வைக்காதீர்கள், நீங்கள் செய்வதையே கொடுங்கள்.

தாம்பூலத்தைச் சுமங்கலிகளுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள். கணவரை இழந்த அடுத்த வீட்டு அம்மாவுக்கும் அதே தட்டிலிருந்து, அதே குங்குமத்தோடு கொடுங்கள். சாதியும் அப்படித்தான். 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதுவும் நம்மோடு விமானம் ஏறிப் போன சரக்குதான். அதை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

மொழியை மட்டும் விருந்தாளிகள் காப்பாற்றித் தர மாட்டார்கள். அது உங்கள் இருவர் பொறுப்பு. பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

ஒரு சமையல் குறிப்பு. அங்கே பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கோதுமை ஆகாது. கூப்பிடும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலைச் சுண்டலை நம் வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும் நாளுக்குத் தள்ளிவைத்து, அன்றைக்குக் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ செய்யுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளியுங்கள்.

அன்புடன்.