மருத்துவர்களின் மனப்பான்மையை எப்படி அளக்கிறார்கள்?

தன்பாலீர்ப்பாளர்கள்மீது மருத்துவர்களுக்குள்ள மனப்பான்மையை எண்ணால் அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உளவியலாளர் கிரிகரி ஹெரெக் 1980களில் உருவாக்கிய அளவுகோலில் 20 கூற்றுகள்: தன்பாலீர்ப்புள்ள ஆண்களைப் பற்றிப் பத்து, பெண்களைப் பற்றிப் பத்து. எவ்வளவு உடன்படுகிறோம் என்று ஒவ்வொன்றிலும் குறிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். எந்தப் பதில் அழகாகத் தெரியும் என்பது மருத்துவருக்குத் தெரியும். அதனால்தான் படிவத்தில் பெயர் கேட்பதில்லை. 1998இல் அறிமுகமான மறைமுகத் தொடர்புச் சோதனையோ, வாயால் சொல்லாத சாய்வைப் பிடிக்கப் பார்க்கிறது: ‘தன்பாலீர்ப்பு’, ‘நல்லது’ போன்ற சொற்களை ஒரே பக்கமாக வகைப்பிரிக்க ஆகும் மில்லிவினாடிகளை அளக்கிறது.

ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஆலோசனை அறைதான். “கணவர் என்ன செய்கிறார்?” என்ற சாதாரணக் கேள்வியில், துணைவியோடு வாழும் பெண் வாயடைத்துப் போகிறார். கேட்டவர் படிவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவராகவே இருக்கலாம். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரை அனுப்பி, மருத்துவரின் பேச்சையும் முகத்தையும் கவனித்தால் அது பிடிபடும்.